பாசி பிடித்த மூச்சு

வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் கார்த்திகா கண் விழித்தாள். அவளை எழுப்ப அன்று இருமல் சத்தம் வரவில்லை.

கல்யாணமாகி இந்த மாடி அறைக்கு வந்த நாளிலிருந்து அவளை எழுப்புவது அந்த இருமல்தான். இருட்டு பிரியும்போதே சோலைமலைக்குத் தொடங்கிவிடும். முதலில் எங்கோ ஆழத்தில், கிணற்றுச் சுவரில் வாளி முட்டுவதுபோல இரண்டு. பிறகு சிமெண்டுத் தரையில் தகரத்தை இழுப்பதுபோல நீளமாக ஒன்று. அதற்குப் பிறகு அவன் எழுந்து உட்கார்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க இருமி, அவள் முதுகைத் தேய்த்துவிடும்வரை நிற்காது. மலைமேல் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில், மீசை முளைக்காத வயதிலிருந்து அடுப்புக்கு விறகு தள்ளிய நெஞ்சு. தேனி பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "பாதிக்கு மேல புகை தின்னுருச்சும்மா" என்று சொல்லியிருந்தார்.

அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பக்கவாட்டில்தான் தெரிந்தான். கிழக்கு வெயில் கம்பிகளுக்கு நடுவே விழுந்து அவன் முகத்தையும் கழுத்தையும் பட்டை பட்டையாகப் பிரித்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"என்ன மாமா, இருமலையே காணோம்?"

 அவன் தோள்கள் மெல்ல மேலே ஏறின. கிணற்றில் குதிக்கப் போகிறவன் காற்றை இழுத்து நிறைத்துக்கொள்வதுபோல இழுத்தான். அதன் பிறகு சொன்னான்:

"சரியாப் போச்சு புள்ள."

தோள்கள் இறங்கின. மறுபடி ஏறவில்லை. அதை அவள் கவனித்தாள். ஆனால் மனம் அதில் நிற்கவில்லை, அழுகை வந்துவிட்டது. இருமல் நின்றால் போதும், வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்று கோயிலில் மண்சோறு தின்றவள் அவள். கீழே ஓடிப்போய், வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஆயம்மாளிடம் சொன்னாள். கீழ்வீட்டில் தனியாக இருக்கும் ஆயம்மாளுக்கும் அந்த இருமலால் பல வருடங்களாகத் தூக்கம் கெட்டிருந்தது.

"அந்தப் பாசிப் பண்ணைக் காத்துதான் ஒத்துக்கிருச்சு போலத்தா," என்றாள் ஆயம்மாள். "யோகராஜ் தம்பி நல்லா இருக்கணும்."

யோகராஜ் போடியில் ஏலக்காய் வியாபாரக் குடும்பத்துப் பையன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, முந்தல் தாண்டி மலைச்சரிவில் அந்தப் பண்ணையைப் போட்டிருந்தான். கண்ணாடி மாதிரித் தாள் வேய்ந்த கொட்டகைக்குள் நீள நீளமாக ஆழமில்லாத தொட்டிகள். தொட்டிகளில் பாசி. பாசியைப் பிழிந்து எண்ணெய் எடுத்து, பக்கத்திலேயே இருந்த காய் உலர்த்தும் ஸ்டோரின் அடுப்பை எரித்தார்கள். அடுப்புப் புகை வீணாகாமல் குழாய் வழியே திரும்பவும் தொட்டிக்கே போனது. பாசி அந்தப் புகையைத் தின்று வளர்ந்தது. விறகு வேண்டாம், டீசல் வேண்டாம், மலையில் ஒரு மரம் வெட்ட வேண்டாம் என்று பத்திரிகைக்காரர்களெல்லாம் வந்து படம் எடுத்துப் போனார்கள். இருமுகிற ஆளுக்கு எவனும் சோலி தராதபோது யோகராஜ்தான் சோலைமலையைக் கூப்பிட்டு, தொட்டியில் இறங்கிப் பாசியைக் கலக்கிவிடும் வேலை கொடுத்தான்.

அடுத்து வந்த நாட்களில் அவன் சாப்பாட்டைக் குறைத்தான். பிறகு விட்டுவிட்டான். கட்டிக்கொடுத்த தூக்குச்சட்டி அப்படியே திரும்பி வந்தது, மூடிகூடத் திறக்காமல். ஆனால் மெலியவில்லை. கன்னம் பூரித்தது. தோலில், குறிப்பாகக் கண்ணுக்குக் கீழேயும் நகக்கண்ணிலும், வாழைத்தண்டின் உள்மடல்போல ஒரு வெளிறிய பச்சை ஓடியது. லீவு நாளில் காலையில் மாடிப்படியில் உட்கார்ந்தால் வெயில் நகர நகர அவனும் நகர்ந்தான்; படியிலிருந்து கைப்பிடிச் சுவருக்கு, சுவரிலிருந்து தண்ணீர்த் தொட்டி ஓரத்துக்கு, கடைசியில் மேற்கே மலை வெயிலை விழுங்கும்வரை அந்தப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு. வியாபாரிகளின் சரக்குக் கிட்டங்கியில் கூலிக்குக் காய் பொறுக்கிவிட்டு, விரலெல்லாம் ஏலக்காய் மணக்க அவள் வீடு திரும்பும்போது, எதிரே வருகிறவள் மனைவி என்பது அவனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. அவனிடமிருந்து வேறொரு வாடை வந்தது. மழைக்குப் பிறகு கண்மாய்க் கரையில் எழும் வாடை.

ஒரு மதியம் அவன் வெயிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். தூக்கம் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். கண் பாதி திறந்திருந்தது. நெஞ்சைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அது ஏறவில்லை. அடுக்களையிலிருந்து புதுச் சில்வர் தட்டைக் கொண்டுவந்து அவன் மூக்குக்குக் கீழே பிடித்தாள். தட்டில் வானம் தெரிந்தது. ஆவி படியவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு அவன் நெஞ்சில் காதை வைத்தாள். இதயம் அடித்தது, மெதுவாக, யாரோ யோசித்து யோசித்துத் தட்டுவதுபோல. அதைச் சுற்றி வேறொரு சத்தம். உலை கொதிக்கும் முன் பானையடியில் எழும் சத்தம். சின்னச் சின்னக் குமிழிகள், ஆயிரக்கணக்கில், ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, எங்கோ முட்டி, உடைந்தன.

"மாமா," என்றாள்.

கண்கள் அவள் பக்கம் திரும்பின. தோள் ஏறியது. நெஞ்சு காற்றை நிறைத்துக்கொண்டது.

"நகரு," என்றான். "நெழல் விழுகுது."

மறுநாள் அவள் கிட்டங்கிக்குப் போகவில்லை. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு லோடு ஏற்றப் போன ஜீப்பில் ஏறிப் பண்ணைக்குப் போனாள். கொட்டகைக்குள் காலை வைத்ததும் ஈரச்சூடு மூஞ்சியில் அப்பியது. தொட்டிகளின் தலைமாட்டில் துடுப்புச் சக்கரங்கள் அவசரமில்லாமல் சுற்றின. அவை தள்ளத் தள்ள, பச்சைத் தண்ணீர் கூழ்போல நகர்ந்து வளைந்து திரும்பியது. தூரத்துத் தொட்டிகள் சிலவற்றின்மேல் கறுப்புத் தார்ப்பாய் மூடியிருந்தது. ஆள் யாரும் கண்ணில் படவில்லை.

அவனை ஸ்டோர்ச் சுவருக்கும் கொட்டகைக்கும் நடுவில் கண்டாள். புகைக்குழாயின் இணைப்பு ஒன்று விட்டுப்போய், சாம்பல் நிறப் புகை குபுகுபுவென்று வெளியே வந்துகொண்டிருந்தது. தள்ளி நின்ற அவளுக்கே கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. அவன் அதற்கு நேராக நின்றான். குழாயின் வாய்க்கு நேரே தன் வாயை வைத்திருந்தான். பல வருடங்களாக அவனைக் கொன்றுகொண்டிருந்த புகை அவன் வாய்க்குள் போனது. திரும்பி வரவில்லை. தாய்மடியில் பால் குடிக்கும் கன்றின் கண்போல அவன் கண் சொருகியிருந்தது.

"பயப்படாதீங்கக்கா."

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். யோகராஜ். இஸ்திரி போட்ட சட்டை, மெதுவான பேச்சு, ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி.

"அண்ணனுக்கு நோவு போயிருச்சுல்ல? அதைப் பாருங்க. இங்க வேலைக்கு வந்த எல்லாருக்கும் போயிருச்சு."

"மத்தவங்கல்லாம் எங்க தம்பி?"

"இங்கதான் இருக்காங்க," என்றான் அவன். சிரித்தான். "சாப்பாட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. வீணாகிரும்."

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மலை கண்ணிலிருந்து மறைந்தது. போடியின் தெருக்கள் பட்டப்பகலில் விளக்கெரிய, கூரைத் தகரம் ஓயாமல் பேச, வெயில் என்ற ஒன்று இருந்ததே மறந்துபோகிற அளவுக்கு நாள் முழுவதும் ஒரே சாம்பல் நிறம். பாதையில் மண் சரிந்து ஜீப்பு போகவில்லை. சோலைமலை வீட்டில் கிடந்தான். முதலில் ஜன்னலிலேயே நின்றான். பிறகு நிற்க முடியவில்லை. கன்னம் ஒட்டியது. பச்சை வடிந்து தோல் பழைய கறுப்புக்குத் திரும்பியது.

ஒரு சாயங்காலம் அவன் இருமினான்.

கிணற்றுச் சுவரில் வாளி முட்டும் அதே இருமல். கார்த்திகா கையில் இருந்த அரிசியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவன் முதுகைத் தேய்த்தாள். அவன் கோழையைத் துப்பினான். அதில் பச்சைத் திரி திரியாக ஏதோ கிடந்தது. பிறகு மூச்சு விட்டான். உள்ளே, வெளியே. கீச்சென்ற சத்தத்தோடு, கஷ்டப்பட்டு, மனுஷன் விடுகிற மூச்சு.

"கார்த்தி," என்றான். அந்தப் பெயரைச் சொல்லி அவன் கூப்பிட்டுப் பல நாளாகியிருந்தது. "நான் எங்க புள்ள இருந்தேன்?"

"இங்கதான் மாமா."

"இல்ல. நான் இல்ல அது." அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடியில் பலமே இல்லை. "தொட்டியில எறங்குன மொத நாளே உள்ள போயிருச்சு. வெயில் பட்டாத்தான் அது முழிக்கும். அது முழிச்சா நான் முங்கிருவேன். முங்கிக் கெடக்கேன், கத்துறேன், உனக்குக் கேக்க மாட்டேங்குது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னைய வெயில்ல விட்டுறாத. செத்தாலும் நானாச் சாகணும். சத்தியம் பண்ணு. நானே கெஞ்சுனாலும் விடாத. அது என் குரல்ல கெஞ்சும்."

அவள் அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். கஞ்சி ஊட்டினாள். ஒரு வாய் இறங்கியது. அடுத்த வாய் திரும்பி வந்தது. "அதுக்குத் தீனி போடாத," என்றான். "தண்ணி மட்டும் குடு."

மழை விட்டது. பாதையில் சரிந்த மண்ணை அள்ளிவிட்டார்கள். கழுவிவிட்ட வானத்தில் வெயில் சுள்ளென்று வந்தது. அதற்கு முன்பே அவள் ஜன்னலில் கம்பளியை ஆணியடித்து மாட்டியிருந்தாள். காற்றுக்கு விட்டிருந்த ஓட்டைகளில் துணியைத் திணித்திருந்தாள். அவனை உள்ளே விட்டு, கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டு, படியில் உட்கார்ந்தாள். கதவுக்கு அடியில் ஒரு கீற்று இருந்தது. சேலையைச் சுருட்டி அதில் வைத்து அமுக்கினாள்.

முதலில் இருமல் மட்டும் கேட்டது. அது ஆறுதலாக இருந்தது. இருமுகிறவரை அவன்தான்.

பிறகு நகம் கதவைப் பிறாண்டியது.

"கார்த்திகா. கொஞ்சூண்டு தொற. விரல் அளவுக்கு."

அவள் காதைப் பொத்தினாள்.

"மூச்சு முட்டுது புள்ள. நெஞ்சு எரியுது. உனக்கு நான் என்ன கொற வச்சேன்? ஒருநா கை நீட்டிருக்கேனா?"

அவன் குரல். அவனே பேசுகிற மாதிரி. முதல் பிள்ளை வயிற்றிலேயே போனபோது அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவன் பேசியதைச் சொன்னான், வார்த்தை மாறாமல். அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த வார்த்தைகள். அது என் குரலில் கெஞ்சும் என்று சொன்னவன்தான் அவனா? இல்லை, இப்போது கெஞ்சுகிறவன்தான் அவனா? எழுந்து தாழ்ப்பாளில் கையை வைத்தாள். எடுத்தாள். வைத்தாள். எடுத்தாள்.

ஆயம்மாள் படியேறி வந்தாள். "என்னத்தா கொடும இது? மனுசன் கத்துறான், நீ வெளிய உக்காந்துருக்க?"

"அது அவரு இல்லக்கா."

ஆயம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இறங்கிப் போனாள். சற்று நேரத்தில் அவள் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது.

உள்ளே சத்தம் நின்றது.

நின்றேவிட்டது.

கார்த்திகா சேலைச் சுருளை இழுத்தாள். நனைந்திருந்தது. பிசுபிசுப்பு. தாழ்ப்பாளை நீக்கினாள். கதவு கனத்தது, அவன் அதன்மேல் சாய்ந்திருந்தான். வாய் தரையோடு, கீற்று இருந்த இடத்தோடு ஒட்டியிருந்தது. உடம்பெல்லாம் மினுமினுத்தது. நெற்றியிலிருந்து, அக்குளிலிருந்து, கண்ணின் ஓரத்திலிருந்து, மஞ்சளாக, தெளிவாக, ஏதோ கசிந்து தரையில் தேங்கியிருந்தது. தொட்டாள்.

எண்ணெய்.

அவன் நெஞ்சு ஏறியது. இறங்கியது. "கார்த்தி," என்றான். உதடு மட்டும். "நாந்தான். நாந்தான் கூப்புட்டேன். நீ வரல."

படியில் செருப்புச் சத்தம். யோகராஜும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். பின்னால் ஆயம்மாள். யோகராஜ் குனிந்து தரையில் விரலை வைத்தான். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தான். முகர்ந்தான். அவன் முகத்தில் தெரிந்தது இரக்கம் அல்ல.

"சாப்பாடு குடுத்தீங்களாக்கா?"

"தண்ணி மட்டும்."

"பட்டினி போட்டு, இருட்டுலயும் வச்சீங்களா?" அவன் மெல்லத் தலையாட்டினான். "நாங்களும் அதத்தான் செய்வோம். நல்லாத் தின்னு வளர்ற பாசியில எண்ணெய் இருக்காதுக்கா. செத்துருவோம்னு பயம் வரணும். அப்பத்தான் உள்ள சேத்துவைக்கும். ஆனா இந்த அளவுக்கு நாங்க ஒருநாளும் எடுத்ததில்ல." அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். "உங்களக் கூப்புட்டுக்கிட்டே இருந்தாரோ? கதவுக்கு அந்தப் பக்கம் நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சதாலதான் இம்புட்டும்."

அவள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். வாங்க. வெரசா."

ஜீப்பில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானையால் முகத்தை மூடி வெயிலை மறைத்தாள். முந்தானை எண்ணெயில் ஊறியது. ஆஸ்பத்திரி வந்தது. ஜீப்பு நிற்கவில்லை. கத்தினாள். யாரும் திரும்பவில்லை. சந்தைக் கூட்டம், தோப்பு, முந்தல். வளைவு. இன்னொரு வளைவு. மலைக்குளிர். ஈர வாடை.

கொட்டகை உச்சிவெயிலில் எரிந்துகொண்டிருந்தது. அவன் சட்டையைக் கழற்றி, இரண்டு பேர் தூக்கி, முன்பு தார்ப்பாய் மூடியிருந்த தூரத்துத் தொட்டி ஒன்றில் கிடத்தினார்கள். தார்ப்பாயை இப்போது சுருட்டி வைத்திருந்தார்கள். பச்சை அவனைச் சுற்றி வந்தது. கழுத்தை மூடியது, காதை மூடியது. நெஞ்சு ஏறுவது நின்றது. முகம் பூரித்தது. வலி போனது. அவனும் போனான்.

துடுப்புச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது. தண்ணீர் விலகியது.

அவனுக்குப் பக்கத்தில் ஒரு முகம்.

அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

தொட்டியின் நீளத்துக்கும் முகங்கள். வரிசையாக. வாய் திறந்து, வெயிலைப் பார்த்து. ஆண்கள். பெண்கள். கிட்டங்கியில் அவளோடு காய் பொறுக்கிய சுந்தரம்மாள், மகளோடு திருப்பூர் போய்விட்டாள் என்று எல்லாரும் சொன்ன சுந்தரம்மாள், கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். தண்ணீர் மூடியது. சக்கரம் சுற்றியது. விலகியது. மூடியது.

யோகராஜ் அவளைத் தடுக்கவில்லை.  கையைக் கட்டிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றான், காத்திருப்பவன்போல.

என்னைய வெயில்ல விட்டுறாத. முங்கிக் கெடக்கேன். கத்துறேன். உனக்குக் கேக்க மாட்டேங்குது.

கார்த்திகா நின்றாள்.  பிறகு சுருட்டிக் கிடந்த தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். கனமாக இருந்தது. காலை ஊன்றி இழுத்தாள். சுந்தரம்மாளின் முகம் இருண்டது. பக்கத்து முகங்கள் இருண்டன. கடைசியாக அவன் முகத்துக்குமேல் கறுப்பு வந்தபோது, அவன் கண்கள் அவளைக் கண்டுகொண்டன.

"இந்தா மாமா," என்றாள். "மூடிட்டேன். நான் இங்கதான் இருக்கேன்."

அவள் குரல் கேட்டதும் தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் கலங்கியது.

"எண்ணெய் வாய்க்காலத் தொறந்துவிடுங்கப்பா," என்றான் யோகராஜ், ஆட்களிடம்.

தொட்டியின் ஓரத்தில் மஞ்சள் மினுமினுப்பு கசிந்தது. நூலாக. பிறகு ஓடையாக. வாய்க்காலில் இறங்கி ஸ்டோரின் பக்கம் ஓடியது. தார்ப்பாய் ஓர் இடத்தில் மேலே எழுந்தது. ஒரு கை. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கை. பிறகு நீளத்துக்கும், கறுப்புத் தார்ப்பாய் முழுவதும், கைகள். தள்ளின. அழுத்தின. ஓரத்தைத் தேடின.

கார்த்திகா குனிந்தாள். கீழே கிடந்த கல்லைத் தூக்கி, ஓரம் தூக்கிக்கொண்ட இடத்தில் வெயில் புகாதபடி வைத்தாள். அழுதுகொண்டே அடுத்த கல்லை எடுத்தாள். அதற்கடுத்த கல்லை.